வெடி வேலையும் வெறும் கையெழுத்தும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். வகுப்பில் நாற்பது நிமிடம் என் பேச்சைக் கேட்டவர்கள்தானே நீங்கள், இன்னும் பத்து நிமிடம் தாங்குவீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

தீபாவளிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. போன வாரத்தில் எனக்கு இரண்டு போன் வந்தது. முதல் போன் ஒரு பழைய மாணவனுடைய அப்பாவிடமிருந்து. "சார், ஓசூர் பக்கம் பட்டாசுக் கடையில பதினைஞ்சு நாள் வேலை, நல்ல சம்பளம், சாப்பாடு, தங்க இடம் எல்லாம் தர்றாங்களாம். சின்னவன் காலேஜ் லீவுல போறேங்கறான். அனுப்பலாமா?" என்று கேட்டார்.

இரண்டாவது போன் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த பையன். டிப்ளமோ முடித்து, பிறகு தொழிற்பாதுகாப்புப் படிப்பும் படித்து, இப்போது வெளியூரில் ஒரு ஆலோசனை நிறுவனத்தில் இருக்கிறான். கல்குவாரி, வெடிமருந்துக் கிடங்கு, பட்டாசு ஆலை போன்ற இடங்களுக்குப் போய், பாதுகாப்பு எப்படி இருக்கிறது என்று பார்த்து அறிக்கை கொடுப்பது அவன் வேலை. "சார், போகாத இடத்துக்குப் போனதா எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. எல்லாரும் அப்படித்தான் செய்றாங்களாம். நான் என்ன சார் செய்யறது?" என்று கேட்டான்.

இரண்டு பேருக்கும் போனிலேயே பதில் சொல்லிவிட்டேன். ஆனால் இந்தக் கேள்விகள் அவர்கள் இருவருடையது மட்டும் அல்ல. நம் பக்கத்தில் பலருக்கும் பொருந்தும் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

நமக்கும் வெடிமருந்துக்கும் என்ன சம்பந்தம்?

"நாம தோல் ஊர்க்காரங்க, ரயில்வே ஊர்க்காரங்க. வெடிமருந்தெல்லாம் சிவகாசிக்காரன் கவலை" என்று சிலர் நினைக்கலாம். அப்படி இல்லை.

நம் சுற்றுவட்டாரத்தில் கிணறு வெட்டும்போது பாறை வந்துவிட்டால் தோட்டா வைக்காமல் இறங்க முடியாது. கல்குவாரிகள் இருக்கின்றன. ஜல்லி இல்லாமல் ரோடும் இல்லை, ரயில் தண்டவாளமும் இல்லை. காட்பாடியில் தமிழ்நாடு அரசே 1980களில் வெடிமருந்துத் தொழிற்சாலை தொடங்கியது. டெல் கம்பெனி என்றால் வேலூர்க்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். நம் உறவினர்களில் அதில் வேலை பார்த்தவர்களும் உண்டு.

விபத்துகளும் தூரத்தில் நடக்கவில்லை. 2023 ஜூலை 29ஆம் தேதி கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் இறந்தார்கள். நாலு பக்கமும் வீடும் கடையும் ஓட்டலும் இருக்கிற இடம் அது. அதே ஆண்டு அக்டோபர் 7ஆம் தேதி ஓசூருக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடையும் கிடங்கும் எரிந்தன. முதல் நாளே 14 பேர் இறந்தார்கள், பிறகு ஆஸ்பத்திரியில் இருந்தவர்களும் இறந்து எண்ணிக்கை கூடியது. இறந்தவர்களில் பலர் தருமபுரி மாவட்டம் அம்மாபேட்டை கிராமத்து இளைஞர்கள். தீபாவளிச் செலவுக்கும் காலேஜ் செலவுக்கும் நாலு காசு சம்பாதிக்கப் போன பிள்ளைகள். நேரில் வந்து பார்த்த கர்நாடக முதல்வர் சித்தராமையா, அங்கே பாதுகாப்பு ஏற்பாடுகளே இல்லை என்று சொன்னார்.

அந்தப் பிள்ளைகள் பட்டாசு செய்யப் போகவில்லை. பெட்டி இறக்கவும், பில் போடவும், அடுக்கவும்தான் போனார்கள். அந்த வேலைக்கு வெடிமருந்து அறிவு எதற்கு என்றுதான் கேட்டிருப்பார்கள்.

இன்னும் பக்கத்தில் வருகிறேன். 2016 பிப்ரவரி 6ஆம் தேதி நாட்றம்பள்ளி அருகே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் பெரிய சத்தத்துடன் ஏதோ வெடித்தது. ஒரு பஸ் டிரைவர் இறந்தார், சிலர் காயப்பட்டார்கள், கட்டடத்துக் கண்ணாடிகள் நொறுங்கின, தரையில் ஒரு பள்ளம் விழுந்தது. அடுத்த நாளே விண்கல் விழுந்தது என்று அரசு அறிவித்தது, நிவாரணமும் அறிவிக்கப்பட்டது. உலகம் முழுக்க நாட்றம்பள்ளி பெயர் பத்திரிகையில் வந்தது. ஆனால் படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், இது தரையில் நடந்த வெடிப்பு போலத்தான் இருக்கிறது என்றார்கள். பெங்களூரு வானியற்பியல் நிறுவனத்திலிருந்தும் வந்து பார்த்தார்கள். கல்லை எடுத்து ஆராய்ந்தவர்களுக்குள்ளும் ஒரே பேச்சு இல்லை.

விண்கல்லா, வேறு ஏதாவதா என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஒழுங்கு எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் என் பேச்சு. ஒரு இடத்தில் வெடிப்பு நடந்தால் முதலில் அந்த இடத்தைக் கயிறு கட்டி மூட வேண்டும். வெடிமருந்து தெரிந்தவர் வந்து மண்ணை எடுக்க வேண்டும், சிதறிய துண்டுகள் எந்தத் திசையில் எவ்வளவு தூரம் போயிருக்கின்றன என்று அளக்க வேண்டும். காரணத்தின் பெயர் அதற்குப் பிறகுதான் வர வேண்டும். இங்கே பெயர் முதலில் வந்தது, நிபுணர் பிறகு வந்தார். கிருஷ்ணகிரியிலும் அப்படித்தான். பக்கத்து ஓட்டல் சிலிண்டர் வெடித்தது என்று சீக்கிரமே சொல்லிவிட்டார்கள். அதன்மேல் கட்சிக்காரர்கள் சண்டை போட்டார்கள். காரணம் சரியாகத் தெரியாவிட்டால் அடுத்த விபத்தை எப்படித் தடுப்பது?

அனுபவம் போதாதா?

இந்தத் தொழிலில் யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "முப்பது வருஷமா வெடி வைக்கிறேன், ஒண்ணும் ஆகல."

இதற்கு 1921இல் ஜெர்மனியில் நடந்த ஒரு சம்பவம்தான் சரியான பதில். ஓப்பாவ் என்ற ஊரில் ஒரு பெரிய உரத் தொழிற்சாலை. அம்மோனியம் நைட்ரேட் கலந்த உரம் மலைபோலக் குவிந்து கெட்டிப்பட்டுப் போகும். கடப்பாரையால் உடைக்க முடியாது. அதனால் சின்னச் சின்ன வெடி வைத்துத் தளர்த்துவார்கள். பல ஆயிரம் தடவை அப்படிச் செய்திருக்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லை. செப்டம்பர் 21ஆம் தேதி காலையிலும் வழக்கம்போல் வெடி வைத்தார்கள். அன்று குவியலே வெடித்துவிட்டது. 500 பேருக்கு மேல் செத்தார்கள். ஊரே தரைமட்டம்.

அங்கே அனுபவத்துக்குக் குறைச்சல் இல்லை. அந்தக் கலவை எந்த விகிதத்தில், எந்த ஈரப்பதத்தில், எந்த அடர்த்தியில் வெடிக்கும் நிலைக்கு வரும் என்று சோதித்துச் சொல்லும் ஆள்தான் இல்லை. நேற்று வரை என்ன நடந்தது என்பதை அனுபவம் சொல்லும். இன்றைக்குச் சரக்கு மாறியிருக்கிறது, ஈரம் மாறியிருக்கிறது என்றால் அனுபவத்துக்கு அது தெரியாது.

டைனமைட் கண்டுபிடித்த ஆல்பிரட் நோபல் கதை உங்களுக்குத் தெரியும், பரிசு பற்றிய பாடத்தில் சொல்லியிருக்கிறேன். 1864இல் அவர்கள் பட்டறையில் நைட்ரோகிளிசரின் வெடித்து அவருடைய சொந்தத் தம்பி எமில் இறந்தான். அதற்குப் பிறகுதான் அந்தத் திரவத்தை ஒருவகை மண்ணில் ஊறவைத்தால் கையாளலாம் என்று கண்டுபிடித்து 1867இல் காப்புரிமை வாங்கினார். வெடிமருந்துத் தொழிலில் உள்ள ஒவ்வொரு பாதுகாப்பு விதிக்குப் பின்னாலும் இப்படி ஒரு சாவு இருக்கிறது. அந்த விதிகளைத் தெரிந்துகொள்வதும், ஏன் வந்தது என்று புரிந்துகொள்வதும், இடத்துக்கு ஏற்றபடி பொருத்துவதும்தான் நிபுணத்துவம்.

ஒரு சின்ன கணக்கு

பழக்கதோஷம், ஒரு கணக்குச் சொல்லிவிடுகிறேன்.

வெடிமருந்துக் கிடங்குக்கும் பக்கத்து வீட்டுக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை யாரும் குத்துமதிப்பாக வைக்கவில்லை. வெடிப்பின் அழுத்தம் தூரத்தைப் பொறுத்துக் குறையும். அதே அளவு பாதுகாப்பு வேண்டும் என்றால், சரக்கு 8 மடங்கானால் இடைவெளி 2 மடங்காக வேண்டும். சரக்கு 27 மடங்கானால் இடைவெளி 3 மடங்கு. கனமூலம் ஞாபகம் இருக்கிறதா? எட்டுக்கு இரண்டு, இருபத்தேழுக்கு மூன்று.

இப்போது ஒரு கடைக்காரர் 100 கிலோவுக்கு உரிமம் வாங்கிவிட்டு, தீபாவளிக்கு முந்தைய வாரம் 800 கிலோ அடுக்குகிறார் என்று வையுங்கள். தேவையான இடைவெளி இரண்டு மடங்காகிவிட்டது. ஆனால் பக்கத்து வீடு நகர்ந்து போகுமா? அது இருந்த இடத்தில்தான் இருக்கும். அந்த வீட்டுக்காரருக்கு இது தெரியவும் தெரியாது. உரிமம் கொடுத்த நாளில் வந்து பார்த்த அதிகாரி சரியாகத்தான் அளந்திருப்பார். சரக்கு வந்து இறங்குகிற ராத்திரி அவர் அங்கே இல்லை.

கணக்குத் தெரிந்த ஆள் ஒரு நாள் வந்தால் போதாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். சீசன் முழுக்க அந்தக் கணக்கைப் பார்க்க ஒருவர் வேண்டும்.

"உராய்வு" என்ற ஒரு வார்த்தை

பட்டாசு ஆலை விபத்துச் செய்திகளை வெட்டி ஒட்டிப் பாருங்கள். "மருந்துக் கலவையின்போது ஏற்பட்ட உராய்வு காரணமாக வெடி விபத்து ஏற்பட்டது" என்று முடியும். அடுத்த வரி "போர்மேன் கைது". இந்த இரண்டு வரியும் ஆண்டாண்டாக மாறவில்லை.

உராய்வு என்பது கடைசிக் கண்ணி. அதற்கு முன்னால் ஒரு சங்கிலியே இருக்கிறது. நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் பத்துப் பேர் ஏன் உட்கார்ந்தார்கள்? காலையில் வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டிய கலவையை மதியம் ஏன் கலந்தார்கள்? கலந்த மருந்தை அன்றைக்கே தீர்க்காமல் ஏன் வைத்தார்கள்? அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால் தானாகச் சூடேறும் என்று அந்த அம்மாவுக்கு யாராவது சொன்னார்களா? கதவருகே செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே வரவேண்டும், உடம்பில் சேர்ந்த மின்சாரம் இறங்கிவிடும் என்பதை யாராவது காட்டிக்கொடுத்தார்களா? நைலான் புடவை கூடாது, பருத்திதான் வேண்டும் என்று யாராவது சொன்னார்களா? ஒருவர் பெயரில் உரிமம் இருக்க, அறை அறையாக உள்குத்தகைக்கு விட்டது யார்?

இந்தக் கேள்விகளையெல்லாம் கேட்கிறவர்தான் நிபுணர். போலீஸ் கேட்கிற கேள்வி விபத்துக்குப் பிறகு வருவது. நிபுணர் முன்னாலேயே கேட்க வேண்டும்.

2012இல் சிவகாசி முதலிப்பட்டியில் நடந்ததை மறக்க முடியாது. செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். பள்ளியில் பிள்ளைகள் எங்களுக்கு வாழ்த்துச் சொன்ன நாள். மதியம் செய்தி வந்தது. 40 பேர் அளவில் இறந்தார்கள். உதவி செய்ய ஓடிவந்தவர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அதில் உண்டு. அந்த ஆலையின் உரிமத்தை நிறுத்திவைக்கும் உத்தரவு ஏற்கெனவே போடப்பட்டிருந்ததாக அப்போதே செய்தி வந்தது. அதாவது பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டார்கள், குறை கண்டுபிடித்துவிட்டார்கள், காகிதத்தில் எழுதியும் விட்டார்கள். வேலை மட்டும் நிற்கவில்லை. 2016 டிசம்பர் 1ஆம் தேதி துறையூர் பக்கம் முருங்கப்பட்டி வெடிமருந்து ஆலையில் 19 பேர் இறந்தபோதும், ஊர் மக்கள் முன்பே முறையிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

ரயில்வே ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த விஷயம்

இங்கேதான் என் முக்கியமான கருத்துக்கு வருகிறேன்.

நம் ஊரில் வீட்டுக்கு ஒருவர் ரயில்வேயில் இருந்தவர்கள். உங்கள் தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். சிக்னல் விழாமல் டிரைவர் வண்டியை எடுப்பாரா? பின்னால் எத்தனை பெரிய அதிகாரி உட்கார்ந்து "நேரமாச்சு, எடுப்பா" என்றாலும் எடுக்க மாட்டார். அப்படி எடுக்காததற்காக அவரை யாரும் தண்டிக்கவும் முடியாது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ரயில் விபத்தை விசாரிப்பவர், புதிய பாதையைத் திறக்கலாமா என்று சொல்பவர் ரயில்வே பாதுகாப்பு ஆணையர். அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருவதில்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார். வெள்ளைக்காரன் காலத்தில், 1941இல் அப்படிப் பிரித்தார்கள். ரயில் ஓட்டுகிறவரும் ரயிலின் பாதுகாப்பைச் சோதிக்கிறவரும் ஒரே முதலாளியிடம் சம்பளம் வாங்கக் கூடாது என்பதுதான் காரணம்.

வெடிமருந்துக்கு என்ன ஏற்பாடு? 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் இருக்கிறது, 2008ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ என்ற மத்திய அமைப்பு இருக்கிறது. சிவகாசியில் "நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டிஆர்ஓ லைசென்ஸ்" என்று சொல்வது இந்த அடுக்குகளைத்தான். பெசோவில் நல்ல படிப்பாளிகள் இருக்கிறார்கள், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அது தொழில் வளர்ச்சியைப் பார்க்கிற வர்த்தக, தொழில் அமைச்சகத்தின் கீழ்தான் இருக்கிறது. "சீக்கிரம் லைசென்ஸ் கொடு, தொழில் வளரட்டும்" என்று சொல்கிற வீட்டிலேயே "பொறு, நான் பார்க்கணும்" என்று சொல்கிறவரும் குடியிருக்கிறார்.

தனியார் ஆலோசகர் நிலைமை இன்னும் மோசம். அவரைத் தேர்ந்தெடுப்பதும் முதலாளி, பணம் கொடுப்பதும் முதலாளி, அடுத்த வருஷம் கூப்பிடலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதும் முதலாளி. குறை எழுதினால் அடுத்த வருஷம் வேறு ஆளைக் கூப்பிடுவார்கள். இந்த ஏற்பாட்டில் நேர்மையானவன் பட்டினி கிடப்பான், கையெழுத்துக்காரன் கார் வாங்குவான்.

பரீட்சை எழுதுகிற பையனே தனக்குப் பேப்பர் திருத்துகிற வாத்தியாரைத் தேர்ந்தெடுத்துச் சம்பளமும் கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் பெயிலாவார்கள்? அதனால்தான் பொதுத்தேர்வில் பெயரை மறைத்து வேறு ஊருக்குப் பேப்பரை அனுப்புகிறோம். அதே ஏற்பாடு இங்கேயும் வேண்டும் என்பது என் கருத்து. ஆலைகளும் குவாரிகளும் கிடங்குகளும் ஒரு பொது நிதியில் பணம் கட்டட்டும். எந்த ஆலைக்கு எந்த ஆலோசகர் என்பதைக் குலுக்கல் முறையில் அரசு அனுப்பட்டும். அறிக்கையை அந்த ஊர்ப் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒட்டட்டும். வேலை செய்கிறவர்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் அதைப் படிக்க உரிமை வேண்டும்.

"இப்படிக் கெடுபிடி செய்தால் தொழில் செத்துவிடும், லட்சக்கணக்கான பேர் பிழைப்பு போய்விடும்" என்று சொல்வார்கள். அந்தக் கவலையை நான் லேசாக எடுக்கவில்லை. வானம் பார்த்த பூமியில் வேறு வேலை இல்லாத குடும்பங்களுக்குப் பட்டாசுதான் சோறு போட்டது. ஆனால் விபத்து நடந்த ஆலை மூடப்பட்டு, முதலாளி தலைமறைவாகி, மற்ற ஆலைகளிலும் சோதனை என்று வாரக்கணக்கில் வேலை நிற்கிறதே, அப்போது அந்தக் கூலி யார் வீட்டிலிருந்து வருகிறது? நிபுணருக்குக் கொடுக்கிற பணம் அதைவிட அதிகமாக இருக்காது.

நம் தோல் தொழிலிலும் இதைப் பார்த்தோம். 2015 ஜனவரி 31ஆம் தேதி ராணிப்பேட்டையில் பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்துத் தோல் ஷெட்டில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலானோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். ஒரு சுவர் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது கட்டடப் பொறியாளர் அரை நாளில் போட்டுவிடக்கூடிய கணக்கு.

சோப்புத்தண்ணி, சுண்ணாம்புத்தண்ணி என்று தோல் ஷெட்டில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், சல்பைடு கலந்த சுண்ணாம்புத் தண்ணியோடு அமிலத் தண்ணியைச் சேர்த்தால் விஷவாயு வரும் என்று. அந்த அறிவு தொழிலாளியிடமும் இருக்கிறது. நிபுணர் என்றால் கோட்டு போட்டவர் மட்டும் அல்ல. மருந்து கலக்கிற பெண்ணும், குவாரியில் குழி போடுகிற மேஸ்திரியும் பாதி நிபுணர்கள். மீதிப் பாதியைப் படித்தவர் கொண்டுவந்து, இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினால்தான் முழு அறிவு வரும். வெளியிலிருந்து வந்து, அவர்களிடம் ஒரு வார்த்தை பேசாமல், ஆபீஸ் ரூமில் டீ குடித்துவிட்டுப் போகிறவர் எவ்வளவு படித்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

எழுதினால் போதுமா?

2020 ஆகஸ்ட் 4ஆம் தேதி லெபனான் நாட்டில் பெய்ரூட் துறைமுகம் வெடித்தது. 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் ஆறு வருஷமாகக் கிடங்கில் கிடந்தது. 200 பேருக்கு மேல் செத்தார்கள். அங்கே சுங்கத்துறைக்காரர்கள் "இதை அப்புறப்படுத்துங்கள்" என்று நீதிமன்றத்துக்குத் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். கடிதம் எல்லாம் பத்திரமாக இருக்கிறது, ஊர்தான் இல்லை.

அந்தச் செய்தி வந்த பிறகுதான், 2015இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த சுமார் 700 டன் அதே சரக்கு நம் சென்னை மணலியில் கிடக்கிறது என்று எல்லாரும் பதறினார்கள். சில நாட்களில் லாரியில் ஏற்றி ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். ஐந்து வருஷம் முடியாதது சில நாளில் முடிந்தது. பெய்ரூட் மக்கள் நமக்காகச் செத்தார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

ஆகவே நிபுணருக்கு எழுதுகிற உரிமை மட்டும் இருந்தால் போதாது. சிக்னல் மாதிரி, நிறுத்துகிற உரிமை வேண்டும். அவர் "நிறுத்து" என்று சொன்னால் அன்றைக்கே வேலை நிற்க வேண்டும்.

கையெழுத்துக் கேட்ட பையனுக்கு

தம்பி, நீ படித்தது உயிர் காக்கிற படிப்பு. டாக்டர் ஒரு நாளைக்கு ஐம்பது பேரைப் பார்ப்பார். நீ ஒரு ஆலைக்குள் போய் வந்தால் அங்கே இருக்கிற எல்லாருடைய உயிரையும் பார்த்துவிட்டு வருகிறாய் என்று அர்த்தம். போகாத இடத்துக்குப் போனதாகக் கையெழுத்துப் போடுவது, நோயாளியைத் தொட்டுப் பார்க்காமல் "நல்லா இருக்கார்" என்று எழுதுவதற்குச் சமம்.

வேலை போய்விடும் என்று பயப்படுகிறாய். நியாயமான பயம். வீட்டுக் கடன், தங்கை கல்யாணம் எல்லாம் எனக்குத் தெரியும். அதனால் வீராவேசமாக நாளைக்கே ராஜினாமா செய் என்று சொல்ல மாட்டேன். "போய்ப் பார்க்க ஒரு நாள் கொடுங்க, பார்த்துட்டுப் போடறேன்" என்று எழுத்தில் கேள், வாய்மொழியாக வேண்டாம். போகிற இடத்தில் எடுத்த படம், தேதி, அளவு எல்லாவற்றையும் உனக்கென்று ஒரு பிரதி வைத்துக்கொள். பார்க்காததை "பார்க்கவில்லை" என்றே எழுது. இதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு இடம் தேடு. நாம் இத்தனை பேர் இருக்கிறோம், ஒருவருக்கு வேலை தேடித்தர முடியாதா? சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை. விபத்து நடந்தால் முதலாளிக்கு வக்கீல் இருப்பார், உன் கையெழுத்துக்கு நீ மட்டும்தான் இருப்பாய்.

எல்லாருக்கும் சில வேண்டுகோள்கள்

1. பிள்ளைகளைப் பட்டாசுக் கடை, கிடங்கு வேலைக்கு அனுப்புவதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள். உரிமம் எத்தனை கிலோவுக்கு என்று கேளுங்கள், சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். வெளியே போக இரண்டு வழி இருக்கிறதா என்று பாருங்கள். ராத்திரி அங்கேயே படுக்கச் சொன்னால் அனுப்பாதீர்கள். பட்டாசு இருக்கிற கட்டடத்தில் யாரும் தூங்கக் கூடாது. பதினெட்டு வயது ஆகாத பிள்ளையை எந்தக் காரணத்துக்காகவும் அனுப்பாதீர்கள்.

2. கிணறு வெட்டுகிறவர்கள், வெடி வைக்க அனுமதிச் சான்று உள்ள ஆளைத்தான் கூப்பிட வேண்டும். அந்த அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். வெடிக்காமல் போன குழியை உடனே போய்க் கிளறக் கூடாது, அதே குழியில் மறுபடி துளை போடவும் கூடாது. மீந்துபோன தோட்டாவையும் கேப்பையும் "அடுத்த கிணத்துக்கு ஆகும்" என்று மாட்டுக் கொட்டகைப் பரணில் வைக்காதீர்கள். பிள்ளைகள் கையில் கிடைத்தால் விளையாட்டுச் சாமான் என்றுதான் நினைக்கும்.

3. எங்காவது புகையோ தீயோ பட்டாசுக் கிடங்கிலிருந்து வந்தால் வேடிக்கை பார்க்க ஓடாதீர்கள், செல்போனில் படம் எடுக்க ஓடாதீர்கள். எதிர்த் திசையில் ஓடுங்கள். முதலிப்பட்டி அதைத்தான் சொல்லிக்கொடுத்தது.

4. வருவாய்த்துறை, தீயணைப்பு, காவல்துறை, மின்வாரியத்தில் இருக்கிற என் பிள்ளைகளே, உங்களில் பலரை நான் பெயர் சொல்லி அறிவேன். தடையில்லாச் சான்று என்று ஒரு காகிதம் உங்கள் மேஜைக்கு வரும்போது, தயவுசெய்து ஒருமுறை வண்டி எடுத்துப் போய்ப் பாருங்கள். சரக்கு ஏறுகிற சீசனில் இன்னொரு முறை, சொல்லாமல் போய்ப் பாருங்கள்.

5. வேதியியல், சுரங்கவியல், இயந்திரவியல் படிக்கிற பிள்ளைகளே, கம்ப்யூட்டர் வேலை மட்டும்தான் வேலை என்று நினைக்காதீர்கள். சென்னை தரமணியில் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் தொழிற்பாதுகாப்புப் படிப்பு நடத்துகிறது. சிவகாசியில் பட்டாசு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பெசோவிலும், தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்திலும் வேலை இருக்கிறது. உலகத்தில் குவாரியும் சுரங்கமும் இருக்கிற வரை இந்த அறிவு தேவை. கெளரவமான தொழில் இது.

வெடிமருந்து கெட்டது என்று நான் சொல்லவில்லை. நம் ஊர் வழியாகப் போகிற தண்டவாளத்துக்குக் கீழே கிடக்கிற ஒவ்வொரு ஜல்லியும் வெடி வைத்து உடைத்த கல்தான். தீபாவளிக்குப் பேரன் பேத்தி மத்தாப்பு கொளுத்தினால் எனக்கும் சந்தோஷம்தான். அதைத் தெரிந்தவர் கையில் கொடுங்கள், அவர் சொன்னால் கேளுங்கள், அவருக்கு உரிய கூலியைக் கொடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகக் கீழே எழுதுங்கள். குவாரியிலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள் உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள், நானும் தெரிந்துகொள்கிறேன். பட்டாசுக் கடை வேலைக்குப் பிள்ளையை அனுப்ப யோசிக்கிற பெற்றோர் யாராவது உங்களுக்குத் தெரிந்தால், இந்தப் பதிவை அவர்களுக்கு மட்டுமாவது இந்த வாரமே அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
ஜோலார்பேட்டை.